பூச்சிக்கும் பெயர்ச் சீட்டு உண்டு, பாதை வெட்டியவனுக்கு?

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள். தூண் பாறையைப் பார்க்கிறார்கள். மலைப்பூண்டு ஒரு கட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். வத்தலக்குண்டிலிருந்து ஏறுகிற பாதையில், ஊர் வருவதற்குச் சில மைல் முன்னதாகவே, செண்பகனூரில் ஒரு சிறு மியூசியம் இருக்கிறது. அங்கே வண்டியை விட்டு இறங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். நாம் இறங்கினோம். நம்முடன் திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைத் தோழர்கள் இருவரும், நிலக்கோட்டைப் பக்கத்து விவசாயத் தொழிலாளி ஒருவரும் வந்திருந்தார்கள்.

சென்னை எழும்பூர் மியூசியத்தைக் கண்டவர்கள் அவ்வளவு பெரிதை எதிர்பார்க்க வேண்டாம். சேசு சபைப் பாதிரிமார்கள் 1895-ல் செண்பகனூரில் குருமாணவர்களுக்காக ஒரு கல்லூரி வைத்தார்கள். அந்தக் கல்லூரியை ஒட்டி வளர்ந்தது இந்த மியூசியம். படிப்பும் ஜெபமும் போக மிஞ்சிய நேரத்தில் காடு மேடெல்லாம் அலைந்து, கண்ணில் பட்டதை எல்லாம் சேர்த்து, பாடம் பண்ணி, பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். மிருகங்கள், பறவைகள், பாம்புகள், பட்டாம்பூச்சிகள், வண்டுகள். பக்கத்திலேயே மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் பூஞ்செடிகளுக்கு ஒரு தோட்டம். பழனி மலைக் கற்திட்டைகளில் கிடைத்த பழம்பொருள்களும், மலைவாழ் மக்களான பளியர்கள் புழங்கிய சாமான்களும் உண்டு.

உழைப்பை உழைப்பு என்று சொல்லத்தான் வேண்டும். பாதிரிமார் செய்தது என்பதற்காக அதைக் குறைத்துப் பேச மாட்டோம். அங்கிலேட் என்ற பிரெஞ்சுக்காரப் பாதிரியார் மலை மலையாக நடந்து கற்திட்டைகளைத் தேடி அளந்தார். அவரும் நியூட்டன் என்ற இன்னொரு பாதிரியாரும் எழுதிய புத்தகத்தை 1928-ல் இந்தியத் தொல்பொருள் இலாகா வெளியிட்டது. இந்த மலையின் பழங்காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தப் புத்தகத்தைத் தொடாமல் பேச முடியாது. லட்ச லட்சமாகப் பணம் ஒதுக்கிய எத்தனையோ இலாகாக்கள் செய்யாத வேலை அது.

கண்ணாடிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். நம்மோடு வந்த விவசாயத் தொழிலாளித் தோழர் வண்டுப் பெட்டி முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு கேட்டார்:

“ஏந் தோழரே, இம்புட்டுப் பூச்சிக்கும் பேர் எழுதி ஒட்டி வச்சிருக்காக. இந்த மலைக்கு ரோடு வெட்டுனவுக பேரு எங்குட்டு எழுதியிருக்கு?”

எங்கும் இல்லை. செண்பகனூரில் மட்டும் அல்ல, கொடைக்கானல் முழுவதும் தேடினாலும் இல்லை.

கொடைக்கானல் சரித்திரம் என்று அச்சுப் புத்தகங்கள் சொல்வது என்ன? 1821-ல் வார்டு என்ற வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரி மலையை அளக்க வந்தார். 1845-ல் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். 1863-ல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்சு துரை ஓடையை மறித்து ஏரி உண்டாக்கினார். துரை தம் சொந்தப் பணத்தைப் போட்டு ஏரி வெட்டினார் என்று வாய் நிறையப் புகழ்வார்கள். இருக்கட்டும். மண் வெட்டிய கை எது? கூடை சுமந்த தலை எது? 60 ஏக்கர் நீரைத் தேக்கும் கரை, கலெக்டர் துரையின் கையெழுத்தினால் மட்டும் எழும்பிவிட்டதா?

மோட்டார்ப் பாதை வந்தது முதல் உலக யுத்தத்தை ஒட்டிய வருஷங்களில்தான். அதற்கு முன்பு அம்மையநாயக்கனூர் ரயிலடியில் இறங்கி, மாட்டு வண்டியில் இரவெல்லாம் குலுங்கி, பெரியகுளம் பக்கத்து மலையடிவாரத்தில் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்புக்கு வந்து சேர வேண்டும். அங்கிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. துரைமார் மட்டக்குதிரையில் ஏறுவார்கள். துரைசானிகளும் குழந்தைகளும் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார்ந்துகொள்வார்கள். அந்த நாற்காலி தானாக 7,000 அடி ஏறாது. தோள் மாற்றித் தோள் மாற்றி மனிதர்கள் தூக்கிப்போனார்கள். பெட்டி படுக்கை, மேஜை நாற்காலி, அரிசி மூட்டை எல்லாமே தலைச்சுமை. அந்தப் பாதைக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரே ‘கூலி காட்’, அதாவது கூலிக்காரர் பாதை. இவ்வளவுதான் அவர்களுக்குச் சரித்திரத்தில் கிடைத்த இடம்! ஒருவர் பெயரும் மிஞ்சவில்லை. பாதைக்கு மட்டும் ஜாதிப் பெயர் போல ‘கூலி’ என்று ஒட்டிக்கொண்டது.

துரைமார் போய்விட்டார்கள். டோலி போய்விட்டதா? கொடைக்கானல் மலைச் சரிவில் வெள்ளகவி என்று ஒரு ஊர். சமீப காலம் வரையில் அங்கே வண்டி போகிற சாலை கிடையாது. விளைந்த காப்பிக்கொட்டை இறங்குவது குதிரை முதுகில். காய்ச்சல் கண்டவரும் பிரசவ வேதனைப்படுகிறவரும் இறங்கியது டோலியில். வெள்ளைக்காரனை மேலே தூக்கிப்போன அதே டோலிதான், சுதந்திரத்துக்குப் பின் நம் ஜனங்களை ஆஸ்பத்திரிக்குக் கீழே தூக்கி வந்தது. மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்க வேண்டிய சாமான் ஊரில் உபயோகத்தில் இருந்தது என்றால், அது எந்தச் சர்க்காருக்குப் பெருமை?

மலை உச்சியில் உள்ள சூரிய ஆராய்ச்சிக் கூடத்தையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். அங்கேயும் சிறு காட்சிக்கூடம் உண்டு. போகிறவர்கள் அவசியம் பார்க்கலாம். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வருகிறார்கள். 1909-ல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி, சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். உலகம் ஒப்புக்கொண்ட வேலை. ஆனால் இந்தக் கூடம் 1899-ல் ஏன் வந்தது? அதற்கு வேர் 1876-லிருந்து 1878 வரை சென்னை ராஜதானியை அடித்துப் போட்ட தாது வருஷப் பஞ்சத்தில் இருக்கிறது. லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். பிறகு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. சூரியனுக்கும் மழைக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய வேண்டும் என்று யோசனை சொல்லப்பட்டது. மழை பொய்த்ததற்குக் காரணம் சூரியனில் இருக்கலாம், ஆராயட்டும். ஜனங்கள் பட்டினியில் விழுந்துகொண்டிருந்தபோதே துறைமுகத்தில் தானியம் கப்பல் ஏறியதே, அதற்குக் காரணம் எந்தக் கிரகத்தில் இருந்தது? அதைக் கண்டுபிடிக்கத் தொலைநோக்கி தேவைப்படவில்லை.

நிற்க. பெயர் தங்குவதற்கு ராஜாவாகப் பிறக்க வேண்டும் என்பதில்லை. பழனி மலையடிவாரத்தில் பொருந்தல் என்று ஒரு கிராமம். 2009-லும் 2010-லும் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அங்கே தோண்டினார்கள். ஒரு புதைகுழியில் நாலு கால் ஜாடி ஒன்று. அதற்குள் இரண்டு கிலோ அளவுக்கு நெல்! அதை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, கிறிஸ்து பிறப்பதற்கு 490 வருஷங்கள் முன்பு விளைந்தது என்று கணக்குச் சொன்னார்கள். அதே குழியில், பானையை வைக்கும் மண் பிரிமனையில் ‘வய்ர’ என்று பழைய தமிழ் எழுத்தில் கீறியிருந்தது. ஆள் பெயராக இருக்கலாம் என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். 2,500 வருஷத்துக்கு முந்திய மண்பாண்டத்தில் ஒரு பெயர் நிற்கிறது. நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்பு டோலி தூக்கியவர் பெயர் நிற்கவில்லை. அந்த நெல்லை நாற்று நட்டுக் களை பறித்து அறுத்தவர் பெயரும் தெரியாதுதான். ஆனால் நெல்லாவது மிஞ்சியது. தோண்டி எடுக்க ஆட்களும் வந்தார்கள்.

“வயிறு காய்கிறவனுக்கு மியூசியம் எதற்கு? கூலி உயர்வு கேட்கிற இடத்தில் பழங்கதையா?” என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் பளியர்களை எடுத்துக்கொள்வோம். தேனும் கிழங்கும் கடுக்காயும் எடுத்து, பாறைக் குகைகளிலும் குடிசைகளிலும் வாழ்ந்து, இந்த மலையைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். வெள்ளைக்காரன் காட்டைச் சர்க்கார் சொத்து என்று எழுதிக்கொண்ட நாள் முதல், சொந்தக் காட்டிலேயே அவர்கள் அத்துமீறிப் புகுந்தவர்கள் ஆனார்கள். 2006-ல் பாராளுமன்றம் வன உரிமைச் சட்டம் நிறைவேற்றியது. அது சும்மா வந்த சட்டம் அல்ல. நாடு முழுவதும் பழங்குடி மக்கள் நடத்திய போராட்டமும், அன்று பாராளுமன்றத்தில் இருந்த இடதுசாரிகளின் நிர்ப்பந்தமும் அதன் பின்னால் உண்டு. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டில் குடியிருந்து பிழைக்கும் பழங்குடியினருக்கு நிலத்தின் மேல் உரிமை உண்டு என்கிறது அந்தச் சட்டம். நல்லது. ஆனால் “முன்பிருந்தே இருந்தீர்கள் என்பதற்கு அத்தாட்சி எங்கே?” என்று அதிகாரி கேட்கிறார்.

பட்டா இல்லாதவனிடம் பட்டா கேட்டால் எங்கே போவான்? அதனால்தான் சட்டத்தின் விதிகள் வேறு அத்தாட்சிகளையும் ஒப்புக்கொள்கின்றன. பழைய சர்க்கார் கெஜட்டீர்கள், ஜனக் கணக்கு, சர்வே ரிக்கார்டுகள் செல்லும். கிணறு, புதைகாடு, சாமி கும்பிடும் இடம் போன்ற பழைய அடையாளங்கள் செல்லும். மக்களின் பழக்க வழக்கங்களைப் பற்றி மதிப்புள்ள நிறுவனங்கள் செய்த ஆராய்ச்சிகள் செல்லும். மனுப் போடுகிறவர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொன்னதை எழுதி வாங்கினால் அதுவும் செல்லும். இவற்றில் ஒன்றுக்கு மேல் இருந்தால் போதும்.

இப்போது சொல்லுங்கள். எந்த மலையில், எந்த ஊரில், எந்த வருஷத்தில் எடுத்தது என்று குறிப்போடு இருக்கும் பளியர் கூடை வெறும் வேடிக்கைப் பொருளா? அது அவர்களுக்குச் சாட்சி சொல்லக்கூடிய சாமான். குறிப்பு இல்லாவிட்டால் அது மூங்கில் கூடை. குறிப்பு இருந்தால் அது தஸ்தாவேஜு.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. பாடம் பண்ணிய மிருகங்கள் இருக்கும் கட்டிடத்திலேயே ஒரு ஜனக்கூட்டத்தின் சட்டி பானையையும் வைத்தால், பார்க்கிற பிள்ளைகள் மனதில் என்ன பதியும்? இவர்களும் அழிந்துபோன ஏதோ ஒரு இனம் என்றல்லவா? உலகம் முழுவதும் அந்தக் காலத்து மியூசியங்கள் இப்படித்தான் இருந்தன; செண்பகனூரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. ஆனால் பளியர்கள் அழியவில்லை. இன்றும் காப்பித் தோட்டங்களில் தினக்கூலிக்கு வேலை செய்கிறார்கள். தங்கள் சாமான்களுக்குப் பக்கத்தில் நின்று, இது இன்னது, இதை வைத்து இன்னது செய்வோம் என்று விளக்கிச் சொல்ல அவர்களுக்கே வாய் இருக்கிறது. அவர்களைக் கேட்டு எழுத வேண்டும்.

அடுத்தது பாதரசம். கொடைக்கானல் என்றால் இதைப் பேசாமல் இருக்க முடியாது. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுன் ஊரில் ஓடிக்கொண்டிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை, 1980-களில் பாண்ட்ஸ் கம்பெனியின் மூலம் கொடைக்கானலுக்குப் பெயர்ந்து வந்தது. பின்னர் ஹிந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. தெர்மாமீட்டர்கள் வெளிநாட்டுக்குப் போயின. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, ஊருக்குள்ளேயே ஒரு பழைய இரும்புக் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. 2001 மார்ச்சில் ஊர் மக்களும் சுற்றுச்சூழல் இயக்கத்தாரும் அதை வெளிக்கொண்டு வந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. உழைத்தவர்கள் உடம்பில் ஏறியதைக் கப்பலேற்ற வழி இல்லை. எங்கள் ஆலையால் யாருக்கும் நோய் வரவில்லை என்று கம்பெனி வாதாடியது. தொழிலாளர்கள் விடவில்லை. சங்கம் வைத்தார்கள், 2006-ல் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார்கள், ஊர்வலம் போனார்கள். கடைசியில் 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களோடும் இறந்தவர்களின் குடும்பங்களோடும் கம்பெனி உடன்படிக்கை செய்துகொண்டது. ஆலை மூடி 15 வருஷம் கழித்து!

இந்த மாதிரி வழக்கில் வக்கீல் கேட்கிற முதல் கேள்வி எது? நீ அங்கே வேலை பார்த்தாயா? எந்தப் பகுதியில்? எத்தனை வருஷம்? சம்பளச் சீட்டு எங்கே, அடையாள அட்டை எங்கே, ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கே? வைத்திருந்தவன் வாய் திறக்கிறான். அடுப்பெரிக்கப் போட்டவன் விழிக்கிறான். நூற்பாலைகளில் நாம் தினம் காண்கிற சங்கதிதானே இது! ஆலை கதவடைத்த மறுமாதம் மஸ்டர் ரோல் பழைய பேப்பர்காரனின் தராசில் ஏறுகிறது. பத்து வருஷம் கழித்து வருங்கால வைப்பு நிதிக்கும் பென்ஷனுக்கும் நாயாய் அலைகிறான் தொழிலாளி. முதலாளிக்குப் பேப்பரின் மதிப்புத் தெரியும். தெரிந்துதான் எடைக்குப் போடுகிறான்.

தொழிலாளி தன் சரித்திரத்தைத் தானே சேர்த்து வைக்க முடியுமா? முடியும் என்று நம் ஜனங்களே காட்டியிருக்கிறார்கள். இலங்கையில் கம்பளை அருகே பாரதெக்க என்ற இடத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய லயத்தில், 2007-ல் மலையகத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு மியூசியம் திறந்தார்கள். நம் மதுரை, ராமநாதபுரம், திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் சேர்த்து வைத்தது. கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, புழங்கிய பாத்திரம், பழைய பத்திரம், படம். துரை பங்களாவில் அல்ல, தொழிலாளி குடும்பம் குடும்பமாக முடங்கிக் கிடந்த லயத்து அறையிலேயே வைத்ததுதான் விசேஷம். அந்த அறையின் அகலமே ஒரு காட்சிப் பொருள். நுழைந்து நின்றாலே பாதி சரித்திரம் புரிந்துவிடும்.

அதற்குக் கோடி ரூபாய் வேண்டியிருக்கவில்லை. ஒரு சங்க அலுவலகத்தில் ஒரு சுவரும், ஒரு பூட்டுப் போட்ட பீரோவும், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார ஒரு ஆளும் இருந்தால் ஆரம்பிக்கலாம். மேல்மலையில் பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டுக்குக் கொத்துகிற மண்வெட்டி, கீழ்மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காப்பி எடுக்கிற கூடை, சுமைக்காரரின் சும்மாடு. சமவெளியிலிருந்து கட்டை, பாபின், ஷிப்டு சங்கின் படம். நிலச்சுவான்தாரின் இரண்டு மரக்கால்களும் கட்டாயம் வேண்டும்: வாங்குவதற்கு ஒன்று, கூலி அளப்பதற்கு ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே நெல்லை அளந்து காட்டினால் போதும். அரை மணி நேரப் பிரசங்கம் மிச்சம்.

கூலிக்காரர் பாதையில் டோலி தூக்கியவர்களில் இன்று ஒருவரும் உயிரோடு இல்லை. அவர்களைக் கேட்கும் காலம் போய்விட்டது. தெர்மாமீட்டர் ஆலையில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பளியர் குடிகளில் எண்பதைத் தாண்டிய கிழவிகள் இருக்கிறார்கள். 1970-களில் ஆலைக்குள் நுழைந்த நூற்பாளர்கள் இருக்கிறார்கள். மலையூர்களில் வேலை செய்யும் தோழர்கள் அடுத்த கிராம சபைக்கு முன்பாகப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, எந்த ஓடை, எந்தப் பாறை, எந்தப் புதைகாடு என்று அவர்கள் சொன்னபடியே எழுதி, கைநாட்டோ கையெழுத்தோ வாங்கி வைக்க வேண்டும். வன உரிமைக் குழுவிடம் கொடுப்பதற்கு ஒரு பிரதி, சங்கத்தில் வைக்க ஒரு பிரதி.

வீட்டில் தகரப் பெட்டி வைத்திருக்கிற தோழர்களுக்கு ஒரு விஷயம். பழைய சம்பளச் சீட்டையும் போட்டோவையும் கடையில் கொடுத்து பிளாஸ்டிக் உறையில் சூடாக ஒட்டிவிடாதீர்கள்; பிறகு பிரிக்க முடியாது, காகிதமும் பாழாகும். துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில், காய்ந்த வேப்பிலை போட்டு வையுங்கள். போட்டோவின் பின்பக்கம் பேனாவால் எழுத வேண்டாம், மை ஊறும். பென்சிலால் மெதுவாக எழுதுங்கள்: இடமிருந்து வலமாக நிற்பவர் யார் யார், எந்த ஊர், எந்த ஷிப்டு, எந்த வருஷம்.